பிக்சலும் பட்டாவும்: வறண்ட காடுகளை இணைக்கும் வரைபடங்கள்

நீலகிரியின் வடக்குச் சரிவு இறங்கி முடியும் இடத்துக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்புக்கும் நடுவில் சீகூர் மேட்டுநிலம் இருக்கிறது. தெற்கே ஏறுவதற்குக் கடினமான மலை. வடக்கே இறங்க முடியாத பள்ளம். முதுமலையிலிருந்து அடிவாரத்தை ஒட்டிக் கிழக்கே போகும் யானைக் கூட்டத்துக்கு இந்த இடுக்கை விட்டால் வேறு வழி இல்லை. மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும், அவற்றின் விளைநிலங்களும், பின்னால் வந்த சுற்றுலா விடுதிகளும் அதே இடுக்கில்தான் இருக்கின்றன. 2010 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018 ஆகஸ்டில் அனுமதியின்றி நடந்த விடுதிகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 14 அன்று அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவையும் அமைத்தது.

இத்தனை ஆண்டு வழக்கிலும் யானை அந்த மேட்டுநிலத்தில் நடமாடுகிறது என்பதில் தகராறு இல்லை. எந்த வரைபடம், எவ்வளவு அகலம், ஒரே பட்டையா அல்லது பல சிறு பாதைகளா, என் நிலம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பவைதான் தகராறு. சிதறிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளை இணைக்கும் வழிகளை அறிவியல் எப்படி வரைகிறது, அந்த வரைவில் எவ்வளவு கண்டுபிடிப்பு, எவ்வளவு முடிவெடுப்பு என்று பார்ப்பது அதனால் அவசியமாகிறது. வழித்தட வரைபடம் யானையின் கால்தடத்தை நகலெடுத்த படம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வரைந்தவர் எடுத்த நாலைந்து முடிவுகளின் விளைவு. அந்த முடிவுகள் வெளியே தெரியாமல் கோடு மட்டும் வெளியே வரும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

முதலில் காட்டைப் பற்றி. வெப்பமண்டலக் காடு என்றதும் நம் மனத்தில் ஈரம் சொட்டும் மழைக்காடு வந்து நிற்கிறது. சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1988-இல் எழுதிய கட்டுரையில், வெப்பமண்டலத்தின் பெரும் காட்டு வகைகளில் மிகுந்த ஆபத்தில் இருப்பது வறண்ட காடுதான் என்றார். அவர் வேலை செய்தது கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே பகுதியில். மெக்சிகோவிலிருந்து பனாமா வரை பசிபிக் கரையோரம் ஒரு காலத்தில் பிரான்ஸ் நாட்டின் அளவுக்குப் பரந்திருந்த வறண்ட காட்டில் சிதையாமல் எஞ்சியது 2 சதவீதத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டார். 2006-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு ஒன்று, பூமியில் மிஞ்சியிருக்கும் வறண்ட காடு சுமார் 10.5 லட்சம் சதுர கி.மீ. என்றும், அதில் 97 சதவீதம் ஏதாவதொரு நெருக்கடியின் பிடியில் இருக்கிறது என்றும் சொன்னது. காரணம் எளிது. வறண்ட காடு மனிதனுக்கு வசதியானது. கோடையில் தீ வைத்தால் திருத்திவிடலாம், மாடு மேய்க்கலாம், மண்ணில் சத்து மிச்சம் இருக்கும். மழைக்காட்டை அழிக்க மனிதன் பாடுபட வேண்டியிருந்தது. வறண்ட காட்டில் அவன் குடியேறிவிட்டான். அதனால் அது ஒரே வெட்டாகப் போகவில்லை, வயலும் ஊரும் சாலையும் நடுவே நுழைந்து துண்டு துண்டாகப் போயிற்று.

வழித்தடம் என்ற யோசனையும் இந்தத் துண்டுகளைப் பார்த்துப் பிறந்ததுதான். 1967-இல் மக்ஆர்தரும் வில்சனும் எழுதிய தீவு உயிர்ப்புவியியல் நூல், தீவு சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதில் தங்கும் உயிரின வகைகள் குறையும் என்றது. வயல்களுக்கு நடுவே நிற்கும் காட்டுத் துண்டையும் தீவாகக் கருதலாம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தீவுகளை இணைத்தால் இழப்பு குறையும் என்பது அடுத்த படி. எதிர்ப்பும் உடனே வந்தது. 1980-களின் பிற்பகுதியில் டேனியல் சிம்பர்லாஃபும் சகாக்களும், வழித்தடத்தில் விலங்கு மட்டுமா போகும், நோயும் தீயும் அந்நியச் செடியும் போகாதா, அதற்குச் செலவிடும் பணத்தில் இன்னொரு பெரிய காட்டையே வாங்கிவிடலாமே என்று கேட்டார்கள். 2010-இல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மீளாய்வு, வழித்தடம் இருக்கும் துண்டுகளுக்கிடையே நடமாட்டம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. ஆனால் சிம்பர்லாஃபின் கேள்வி வறண்ட காட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்ததை நினைத்தால் போதும். காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும் தொடர்ச்சியாக இருக்கும் இடமெல்லாம் தீக்கும் வழித்தடம்தான். இணைப்பு வரைபடம் போடுகிறவர்கள் அதே தாளில் தீத்தடுப்புக் கோட்டையும் போடுவதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

வறண்ட காட்டை வரைவதில் முதல் சிக்கல், அதைக் காடு என்று அடையாளம் காண்பதே. உசிலை, வெள்வேல், கருங்காலி, இலந்தை நிற்கும் முட்காடு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையின்றி நிற்கும். அந்த மாதங்களில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அது தரிசுக்கும் அறுவடை முடிந்த மானாவாரி நிலத்துக்கும் பக்கத்தில் போய் நிற்கும். மழைக்குப் பிறகு எடுத்த படத்திலோ பாசன வயலும் தோப்பும் காட்டைவிடப் பச்சையாகத் தெரியும். இந்திய வன ஆய்வகம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களைக் கொண்டு காட்டுப் பரப்பைக் கணக்கிடுகிறது. மர விதானம் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அது காட்டுப் பரப்பில் சேராது, புதர்நிலம் என்று தனியாகப் போய்விடும். நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலத்துக்கு ஒரு வகை உண்டு. ஆக, யானையும் வெளிமானும் நடந்து போகிற நல்ல முட்காடு ஒரு அரசு வரைபடத்தில் காடு இல்லை, இன்னொன்றில் தரிசு. மரம் நெருக்கமாக இருந்தால் நல்ல வாழிடம் என்ற எண்ணம் மழைக்காட்டில் உருவான எண்ணம். அதை அப்படியே வறண்ட நிலத்தில் வைத்தால் கோடு தவறான இடத்தில் விழும்.

எப்படி விழும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். வழித்தட வரைவு அனேகமாக எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாக, அதாவது பிக்சல்களாக, பிரிக்கிறார்கள். லேண்ட்சாட் படமானால் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடைமதிப்பு கொடுக்கிறார்கள். அதாவது, அந்தக் கட்டத்தைக் கடக்க விலங்குக்கு எவ்வளவு சிரமம், எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு எண். பிறகு இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்கு மொத்த மதிப்பு மிகக் குறைவாக வரும் பாதையைக் கணினி தேடுகிறது. இதற்குப் பெயர் குறைந்த சிரமப் பாதை.

இரண்டு காட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். நடுவில் இரண்டு வழி. ஒன்று, சுற்றிக்கொண்டு போகும் முட்காடு, 10 கட்டம். மற்றது, குறுக்கே 4 கட்டம், அத்தனையும் உழவு நிலம். முட்காட்டுக்குத் தடைமதிப்பு 5, வயலுக்கு 20 என்று ஆய்வாளர் வைத்தால் முதல் வழிக்கு 50, இரண்டாவதற்கு 80. கோடு முட்காட்டில் விழும். அதே ஆய்வாளர் முட்காட்டைப் ‘புதர்நிலம்’ என்ற தலைப்பில் எடுத்து அதற்கு 10 கொடுத்துவிட்டால் முதல் வழிக்கு 100. வயலுக்கு அதே 80. இப்போது கோடு ஒரு விவசாயியின் நிலத்தின் குறுக்கே விழுகிறது. யானை மாறவில்லை, நிலம் மாறவில்லை. அட்டவணையில் ஒரு எண் மாறியது, அவ்வளவுதான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? தடைமதிப்பு பற்றி 2012-இல் கேத்தரின் செல்லர் குழுவினர் செய்த மீளாய்வு, நிபுணர்களின் கருத்தைக் கேட்டு எண் போடும் வழக்கம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் காட்டியது. நிபுணர் கருத்து மோசமானது என்று சொல்ல மாட்டேன். காட்டில் முப்பது வருடம் திரிந்தவரின் எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ‘சாலைக்கு ஏன் 50, ஏன் 70 இல்லை’ என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு தோள் குலுக்கல்தான். எண்களைச் சற்று ஏற்றி இறக்கி, கோடு எத்தனை தூரம் நகர்கிறது என்று சோதித்து, அந்தச் சோதனையையும் வெளியிடுவதே நேர்மையான வழி. அசையாமல் அதே இடத்தில் நிற்கும் பகுதியை உறுதியாக நம்பலாம். ஆடிக்கொண்டே இருக்கும் பகுதியை வைத்து யாருடைய நிலத்தையும் முடக்கக் கூடாது.

குறைந்த சிரமப் பாதைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஒரே ஒரு கட்டம் அகலமுள்ள நூல். மேலும், விலங்குக்கு அந்த நிலப்பரப்பு முழுவதும் மனப்பாடம் என்று அது வைத்துக்கொள்கிறது. 2006 முதல் பிராட் மக்ரே மின்சுற்றுக் கோட்பாட்டைக் கொண்டுவந்தார். நிலத்தை மின்தடைகளின் வலையாகக் கருதி, ஒரு காட்டிலிருந்து மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஓடும். வழிகள் பல இருந்தால் மொத்தத் தடை குறையும். எல்லா ஓட்டமும் ஒரே இடத்தில் நெருங்கிப் புகுந்தால் அது கழுத்துப்பிடி. அந்த இடம் அடைபட்டால் இணைப்பு போயிற்று. சர்க்யூட்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளாக இது வந்தபின் உலகெங்கும் பரவியது. ஆனால் இந்தக் கணக்கில் விலங்குக்கு நினைவே கிடையாது, ஒவ்வொரு அடியிலும் தற்செயலாகத் திரும்புகிறது.

எது சரி? விலங்கைப் பொறுத்தது என்பதே என் முடிவு. யானைக் கூட்டத்தை நடத்துவது வயதான தாய் யானை; எந்த மாதம் எந்தத் தண்ணீர் என்று அதற்குத் தெரியும். அதற்குக் குறைந்த சிரமப் பாதைக் கணக்கு ஓரளவு பொருந்தும். தாயைப் பிரிந்து இடம் தேடிப் புறப்படும் இளம் ஆண்புலிக்கு முன்னால் இருக்கும் நாடு தெரியாது. அதற்கு மின்சுற்றுக் கணக்குதான் நெருங்கி வரும். 2019-இல் மகாராஷ்டிராவின் திபேஷ்வர் சரணாலயத்திலிருந்து கழுத்துப்பட்டையோடு கிளம்பிய ஒரு ஆண்புலி, பருத்தி வயல்களையும் நெடுஞ்சாலைகளையும் கடந்து, தெலங்கானா எல்லைக்குள்ளும் போய்வந்து, ஆயிரம் கி.மீ.க்கு மேல் அலைந்து கடைசியில் ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. அது போன பாதையை முன்கூட்டி வரைந்திருக்கக்கூடிய வரைபடம் எதுவும் இல்லை. மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகள் இப்படிப்பட்ட பயணங்களால்தான் ஒன்றோடொன்று உறவு வைத்திருக்கின்றன. கான்ஹா–பெஞ்ச், சத்புரா–மேல்காட் காடுகளின் புலிகளின் எச்சத்திலிருந்து மரபணு எடுத்துச் செய்த ஆய்வுகள் 2013 முதல் இதை உறுதிப்படுத்தி வருகின்றன. இடையில் காடு மிஞ்சியிருக்கும் இடங்களில் மரபணுக் கலப்பு இன்னும் நடக்கிறது. எச்சத்தில் கிடைக்கும் இந்தச் சாட்சி மெதுவானது. இன்று மூடிய வழி மரபணுவில் தெரிய பல தலைமுறை ஆகும். ‘மரபணு இணைப்பு நன்றாக இருக்கிறது’ என்ற வரியைப் படித்து நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தேவாங்கை எடுத்துக்கொண்டால் இந்த வரைபடங்கள் எல்லாமே பயனற்றுப் போகும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம், சுமார் 11,800 ஹெக்டேர், சிதறிய வறண்ட குன்றுக் காடுகளின் தொகுப்பு. தேவாங்கு கிளை விட்டுக் கிளை போகும் பிராணி. யானை கண்டுகொள்ளாத 20 மீட்டர் தார்ச்சாலை அதற்குச் சுவர். அதே நேரத்தில், இரண்டு வயல்களுக்கு நடுவே நெருக்கமாக வளர்ந்த உயிர்வேலி அதற்குப் பாலம் ஆகலாம். 30 மீட்டர் கட்டத்தில் அந்த வேலி தெரியவே தெரியாது. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. எந்த வழித்தட அறிக்கையிலும் அது இழப்பாகப் பதிவாவதில்லை.

எந்த விலங்கு என்ற கேள்வியோடு எந்த மாதம் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். முதுமலையின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு சுமார் 1,800 மி.மீ. மழை, கிழக்கே சீகூர்ப் பக்கம் 600 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். சில பத்து கிலோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். தென்மேற்குப் பருவமழையின் விளிம்பும் வடகிழக்குப் பருவமழையின் விளிம்பும் இங்கே சந்திக்கின்றன. ஒன்று தவறினால் யானையின் நடை மாறும். 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரி மலைப் பகுதிகளில் ஆய்வு செய்த ராமன் சுகுமார், யானைகள் கோடையில் ஆற்றோரங்களை அண்டி, மழை வந்ததும் புல்வெளிக் காடுகளுக்குப் பரவுவதை மாதவாரியாகக் காட்டினார். 1990-களில் அஜய் தேசாயும் பாஸ்கரனும் முதுமலையைச் சுற்றிய யானைகளுக்கு ரேடியோ பட்டை போட்டுப் பின்தொடர்ந்தபோது, ஒரு தாய்வழிக் கூட்டத்தின் நடமாட்டப் பரப்பு 500 சதுர கி.மீ.க்கு மேல் இருந்தது. (சீகூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் தேசாயும் உறுப்பினர். குழு அமைந்த அடுத்த மாதமே அவர் காலமானார்.) இவ்வளவு தெரிந்த பிறகும், வெளியாகும் வழித்தட வரைபடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே கோடுதான். ஜனவரியில் ஆளரவமற்றுக் கிடக்கும் நிலம் மே மாதத்தில் தண்ணீருக்குப் போகும் ஒரே வழியாக இருக்கலாம். ஜனவரியில் போய் மூன்று நாள் பார்த்துவிட்டு ‘இங்கே யானை வருவதில்லை’ என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளுக்கும் இதுதான் வாய்ப்பு.

செயற்கைக்கோளுக்குத் தெரியாதவை சீகூரில் இன்னும் உண்டு. மரவகண்டியிலிருந்து மாயாறு மின்நிலையத்துக்குப் போகும் கால்வாயை நிலப்பயன்பாட்டு வரைபடம் ‘நீர்’ என்று குறிக்கும். யானை வரைவில் நீருக்கு அருகிலிருந்தால் தடைமதிப்பு குறையும். ஆனால் செங்குத்தான கரைகளோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் அந்தக் கால்வாய் யானைக்குத் தடை. பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். அதேபோல் விடுதிகளும் தோட்டங்களும் போட்ட சூரிய மின்வேலி. ஒரு விரல் பருமன்கூட இல்லாத கம்பி, எந்தப் படத்திலும் பதியாது, ஆனால் மொத்தப் பகுதியிலும் அதிகத் தடைமதிப்பு அதற்குத்தான். சீமைக் கருவேலமும் கணக்கைக் குழப்பும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அது அடர்ந்து நிற்கும்போது படத்தில் நல்ல பச்சையாகத் தெரிகிறது. வெளிமானுக்கு அதே பச்சைதான் புல்வெளியைப் பறித்த எதிரி.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் உண்டு. சீகூர்ப் பகுதி ஊர்களின் இருளர்களும் குறும்பர்களும், அவர்களிலிருந்தே வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும், எந்த வேலி எப்போது வந்தது, அதன் பிறகு யானை எந்தப் பள்ளத்தில் இறங்கத் தொடங்கியது என்று சொல்வார்கள். வனச்சரக அலுவலகத்தில் அடுக்கிக் கிடக்கும் பயிர் இழப்பீட்டு மனுக்களில் தேதி, இடம், பயிர் எல்லாம் இருக்கின்றன. இரண்டையும் தடைமதிப்பைத் திருத்தப் பயன்படுத்துவது செலவில்லாத வேலை. ஆனாலும் பல அறிக்கைகளில் உள்ளூர் மக்கள் கடைசி அத்தியாயத்தில் ‘விழிப்புணர்வு’ ஊட்டப்பட வேண்டியவர்களாகத்தான் வருகிறார்கள்.

வரைபடம் அரசாணையாக மாறும் இடத்துக்கு வருவோம். இந்திய வனவுயிர் அறக்கட்டளை 2005-இல் நாட்டில் 88 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. 2017 பதிப்பில் அது 101 ஆனது. 2023-இல் ஒன்றிய அரசின் அறிக்கை 150 என்றது. யானைகள் புதுவழி கண்டன, ஆய்வாளர்கள் கூடுதலாகப் பார்த்தார்கள், வரையறை தளர்ந்தது என்று மூன்று காரணமும் சொல்லலாம். புலிக்கு நிலைமை சற்று வேறு. 2014-இல் தேசியப் புலிகள் காப்பக ஆணையமும் இந்திய வனவுயிர் நிறுவனமும் 32 முக்கிய வழித்தடங்களை வரைந்தன. 2006-இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஓ பிரிவு, புலிக் காப்பகங்களை இணைக்கும் நிலத்தை அனுமதியின்றிச் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்பக் கூடாது என்கிறது. யானை வழித்தடத்துக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வரையறை இல்லை. அதனால் ஒவ்வொரு வழித்தடமும் அரசாணையாலும் நீதிமன்றத்தாலும் தனித்தனியாக நிலைநாட்டப்பட வேண்டியிருக்கிறது. புலி வரைபடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. குறைந்த சிரமப் பாதை என்பது இணைப்பு அறாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்சம். சட்டத்தின் கையில் அது போனதும், ‘இதற்கு வெளியே எல்லாம் வழித்தடம் இல்லை’ என்று சுரங்கக்காரரும் சாலைக்காரரும் வாதாட அதுவே எல்லையாகிவிடும்.

2024 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு வனத்துறை 42 யானை வழித்தடங்களைக் கொண்ட வரைவறிக்கையை வெளியிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த அவகாசம் சில நாட்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பதற்றம் பரவியதில் வியப்பில்லை. அங்கே நிலத்தின் உரிமைச் சிக்கல் ஏற்கெனவே தலைமுறை கடந்தது. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் முதல் எத்தனையோ கட்டுப்பாடுகள் அந்த மண்மீது அடுக்கடுக்காக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், பச்சைப் பட்டை ஒன்று வீட்டுமேல் ஓடும் படத்தைக் கைப்பேசியில் பார்க்கிறவர் முதலில் கேட்பது ‘என் சர்வே எண் இதில் வருகிறதா?’ என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு இந்த வரைபடங்கள் நுணுக்கமானவை அல்ல. 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அரை ஏக்கர் பட்டாதாரரின் நிலம் இரண்டே கால் கட்டம். கட்டத்தின் எல்லையும் நில அளவைப் புலப்படத்தின் எல்லையும் எங்கும் ஒத்துப்போகாது. கணினி வரைந்த பட்டையின் ஓரத்தில் ஒருவர் பட்டாவின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடக்கும். இது ஆய்வாளரின் பிழை அன்று. அவர் வரைந்தது வேறு வேலைக்கு. அந்தப் படத்தையே எடுத்து நேராக அறிவிக்கையில் ஒட்டுவதுதான் பிழை. பரந்த நிலப்பரப்புக்கான வரைபடம் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். பார்த்த பிறகு, அந்த இடத்துக்குப் போய்ப் புலப்படத்தை விரித்து, நில அளவரும் வனவரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடந்து வரைய வேண்டிய இரண்டாவது வரைபடம் ஒன்று இருக்கிறது. நம்மிடம் முதலாவது பலமுறை போடப்பட்டிருக்கிறது.

அகலமும் அப்படித்தான். ஒரு வழித்தடம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு எந்த மென்பொருளும் பதில் தராது. மொத்தச் சிரமத்தில் குறைந்த 5 சதவீதமா, 10 சதவீதமா, எங்கே வெட்டுவது என்பதை மனிதர் தீர்மானிக்கிறார். கடந்து போக மட்டும் என்றால் குறுகிய பட்டை போதும். நின்று மேய்ந்து, குட்டியோடு இரண்டு நாள் தங்கிப் போக என்றால் அது வாழிடமே ஆகிவிடும். சீகூர் வழக்கில் ‘பல குறுகிய பாதைகள்’ என்று ஒரு தரப்பும் ‘மேட்டுநிலமே வழித்தடம்’ என்று இன்னொரு தரப்பும் சொன்னதன் அடியில் இந்தக் கேள்விதான் இருந்தது. எனக்கு இரண்டாவது தரப்பின் வாதம்தான் சரியாகப் படுகிறது. மழை ஆண்டுக்கு ஆண்டு ஆடுகிற நிலத்தில் நூல்பாதை நிலைக்காது. ஆனால் அகலத்தை அறிவியல் தானாகச் சொல்லிவிட்டது என்று சொல்லி அதை நிலைநாட்ட வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கையாக நாங்கள் எடுத்த முடிவு, அதற்கான இழப்பீடு இது என்று அரசு சொன்னால் போதும். நீதிமன்றமும் முன்னெச்சரிக்கைக் கொள்கையைத்தான் துணைக்கு எடுத்தது.

வரைபடம் நன்றாகப் பயன்பட்ட இடங்களும் இருக்கின்றன. பெஞ்ச் காப்பகத்தை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ நான்குவழியாக அகலப்படுத்தியபோது, நீண்ட வழக்குக்குப் பிறகு, மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகளுக்கென 9 கீழ்க்கடவுகள் கட்டப்பட்டன. 50 மீட்டர் முதல் 750 மீட்டர் வரை அகலம். 2019-இல் அவற்றில் வைத்த தானியங்கிக் கேமராக்களில் 18 வகைக் காட்டு விலங்குகள் பதிவாயின, புலிகளும் அதில் உண்டு. வண்டிகள் மேலே ஓடிக்கொண்டிருக்க, கீழே தூண்களுக்கு நடுவே புலி நடக்கிறது. கோடு எங்கே என்று தெரிந்திருந்ததால்தான் கான்கிரீட் எங்கே என்று முடிவாயிற்று. பணம் இல்லாத இடத்தில் கடிகாரம் உதவியிருக்கிறது. பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. சத்தியமங்கலத்தில் பண்ணாரியிலிருந்து திம்பம் வழியாகப் போகும் சாலையில் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு. அந்தச் சாலையை நம்பியிருக்கும் தாளவாடி விவசாயிகள் லாரியில் காய்கறி கெட்டுப்போவதைச் சொல்லிப் போராடினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, சில தளர்வுகளும் வந்தன. ஒரு இடத்தை நிரந்தரமாக யாருக்கும் கொடுக்காமல், பகலை ஒருவருக்கும் இரவை இன்னொருவருக்கும் பிரிக்கும் இந்த ஏற்பாட்டைக் காட்டும் வரைபடம் இன்னும் வரவில்லை. நேரத்துக்கு நேரம் தடைமதிப்பு மாறும் பரப்பைக் கணக்கிடும் வசதி மென்பொருளில் இருக்கிறது. கழுத்துப்பட்டைத் தரவும் மணிக்கு மணி வருகிறது.

அடுத்த முறை வனத்துறை ஒரு வழித்தட வரைவை வெளியிட்டால் அதில் எனக்கு வேண்டியவை சில உண்டு. தடைமதிப்பு அட்டவணை முழுவதும் தமிழில் பின்னிணைப்பாக வர வேண்டும். கோடைக்கு ஒன்று, இரண்டு பருவமழைக்கும் ஒவ்வொன்று என மூன்று படங்கள் வேண்டும். எண்களை மாற்றினாலும் நகராத பகுதியை ஒரு நிறத்திலும், நகரும் பகுதியை இன்னொரு நிறத்திலும் காட்ட வேண்டும். கழுத்துப்பிடி இடங்களுக்கு மட்டுமாவது சர்வே எண் பட்டியல் கிராம சபைக்கு முன்பே போக வேண்டும். மின்வேலிகளை நடந்து கணக்கெடுக்க வேண்டும். சீகூர் அளவுள்ள ஒரு மேட்டுநிலத்தில் அந்தக் கணக்கெடுப்பை ஒரு வனச்சரகப் பணியாளர்களும் உள்ளூர் இளைஞர்களும் ஒரு கோடைக்குள் முடித்துவிடலாம்.